வினாடிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்

திலீப் பைக்கிலிருந்து விழுந்தது ஒரு பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை. ரேணிகுண்டா சாலையில் லாரியிலிருந்து சிந்திக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தான். திருப்பதியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மணிக்கட்டில் விரிசல் என்றார்கள். மாவுக்கட்டு போட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, வேண்டாம், புத்தூருக்கே போய்க் கட்டிக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டான். அவன் வீட்டில் யாருக்கு எலும்பு உடைந்தாலும் சேர்ந்தது புத்தூரில் போடுகிற பச்சிலைக் கட்டால்தான். அவன் மனைவி தாட்சாயணி கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். இதில் அவளுக்குச் சொல்ல நாலு வார்த்தை இருந்தது. வலியோடு இருக்கிறவனிடம் எதற்கு என்று விட்டுவிட்டாள். எக்ஸ்ரே உறையோடு தன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களையும் பையில் திணித்துக்கொண்டு அவனுடன் கிளம்பினாள். அங்கே எப்படியும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், அதற்குள் அட்டவணைகளில் எழுத்துப்பிழை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. கல்லூரி வேலையை விடாமல் பகுதிநேர ஆராய்ச்சியாகத் தொடங்கி இது எட்டாவது வருடம். பிச்சாட்டூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். பிஎச்.டி. என்றால் ஊசி போடுகிற டாக்டரா என்று அவள் ஊரில் இன்னமும் கேட்பார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஏட்டைக் கொடுத்துவிட வேண்டும். அவளுடைய கைடு பேராசிரியர் சுதீர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் முடியாவிட்டால் வேறு கைடு தேட வேண்டும், கெடு நீட்டிக்க மனுப்போட வேண்டும், எல்லாமே முதலிலிருந்து என்பதுபோல ஆகிவிடும்.

அவள் ஆராய்ந்தது தனுசு ராசிப் பக்கம் இருக்கிற ஒரு நெபுலாவை. நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகம் அது. சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பாகத் தூசிதான் தெரியும். அகச்சிவப்புக் கதிர் அந்தத் தூசியைத் தாண்டி வரும். உள்ளே புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் சுற்றியிருக்கும் வாயுவைச் சுட்டு, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. அப்படி அயனியான வாயுவில் கொஞ்சம் நியானும் உண்டு. அந்த நியான் அகச்சிவப்பில் ஒரே ஓர் இடத்தில், பன்னிரண்டே முக்கால் மைக்ரான் சொச்சத்தில், பளிச்சென்று ஒரு கோடாக ஒளிரும். கோடு தன் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, என்ன வேகம் என்று சொல்லிவிடலாம். கடல் கடந்த ஒரு மலையுச்சியில் இருக்கிற தொலைநோக்கியில் யாரோ எப்போதோ எடுத்து, எல்லாரும் பயன்படுத்தலாம் என்று வைத்திருந்த பதிவுகளைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். நெபுலாவின் மேற்குப் பாதியை ஏப்ரலில் எடுத்திருந்தார்கள், கிழக்குப் பாதியை ஜூலையில். இரண்டு பட்டைகளையும் சேர்த்து ஒட்டி ஒரே வரைபடமாக்கியபோது, கிழக்குப் பாதியின் வாயு வினாடிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நம்மிடமிருந்து விலகிப் பாய்ந்துகொண்டிருந்தது.

மேகத்தின் பின்பக்கம் எங்கேயோ உடைந்து, அடைபட்டிருந்த சூட்டு வாயு அந்த வழியே பீறிட்டுக்கொண்டு போகிறது என்பது அதற்குப் பொருள். உலகத்தில் இதற்கு ஷாம்பெயின் பாட்டிலின் பெயரை வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் கேட்டவர்களுக்குத் தாட்சாயணி கோலி சோடா என்று சொல்லி வைத்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு அவள் பெயரும் சுதீரின் பெயரும் போட்டுக் கட்டுரை வெளியானது. இருபது பேராவது அதை மேற்கோள் காட்டினார்கள். அவளுடைய ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் அதுதான். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதற்குப் படிக்கட்டு.

புத்தூரில் அன்று கூட்டம். கால் உடைந்தவர்களைக் கட்டிலோடு வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். திலீப்புக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவள் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலும் கையுமாகப் பிற்சேர்க்கையைப் படிக்கத் தொடங்கினாள். தேதி, நேரம், எத்தனை நிமிடம் பதிவு, காற்றின் ஈரப்பதம் என்று வரிசையாக எண்கள். அட்டவணையின் கடைசிப் பத்தியில் பூமியின் வேகத்துக்கான திருத்தம்.

இந்தத் திருத்தம் கட்டாயம் செய்ய வேண்டியது. பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு முப்பது கிலோமீட்டர் ஓடுகிறது. நாம் ஓடுகிற வேகமும் கோட்டின் நகர்வில் கலந்துதான் வரும். அதைக் கழித்தால்தான் நெபுலாவின் வேகம் மிஞ்சும். ஏப்ரல் வரிசையில் கூட்டல் இருபத்தாறு என்று இருந்தது. ஜூலை வரிசையில் கூட்டல் பதினொன்று. தாட்சாயணி தசமப் புள்ளிகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். போனவள் மறுபடி திரும்பி வந்தாள்.

ஜூன் கடைசியில் தனுசு ராசி சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். இதை அவள் வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பலகையில் வட்டம் போட்டுக் காட்டுகிறவள். அப்படியென்றால் ஜூனுக்கு முன்னால், ஏப்ரலில், பூமி அந்த நெபுலாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஜூனுக்குப் பின்னால், ஜூலையில், அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். ஒன்று கூட்டல் என்றால் மற்றது கழித்தலாகத்தான் இருக்க முடியும். இரண்டும் கூட்டலாக இருக்க வழியே இல்லை.

எக்ஸ்ரே உறையின் பின்புறத்தில் வட்டம் போட்டாள். சூரியன், பூமி, தூரத்தில் நெபுலா என்று குறித்து அம்புகள் வரைந்தாள். இரண்டாம் முறை போட்டாள். மூன்றாம் முறையும் அதேதான் வந்தது. கழிக்க வேண்டிய பதினொன்றைக் கூட்டியிருந்தால் வருகிற பிழை பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு.

உள்ளே யாருக்கோ எலும்பை இழுத்து வைத்தார்கள் போலிருக்கிறது, ஒரு ஆள் அடித்தொண்டையில் கத்தினான். தாட்சாயணிக்கு அது எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல இருந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வந்ததும் உடம்பே கூசியது. இரண்டு பட்டைகளும் சேருகிற இடத்தில் படப்புள்ளிகளில் மூன்று பத்தி அகலத்துக்கு ஒரே வாயுவை இரண்டு தடவையும் படம் எடுத்திருந்தார்கள். அங்கே ஏப்ரலும் ஜூலையும் ஒரே வேகத்தைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஓரத்தில் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று அவளே முடிவுகட்டி அந்த மூன்று பத்திகளையும் வெட்டி எறிந்தாள். 'ஓரப் புள்ளிகள் நீக்கப்பட்டன' என்று கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதினாள். அந்த வரி அவளுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது.

திலீப்பின் முறை வந்தது. பச்சிலையை அரைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்து, துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். பஸ்ஸில் அவன் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தாள். எப்படித் தப்பு நேர்ந்தது என்பது அரை மணியில் புரிந்துவிட்டது. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் அந்தத் தொலைநோக்கியில் பதிவு செய்கிற மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். பழையது 'கூட்ட வேண்டிய திருத்தம்' என்று எண்ணைக் கொடுத்தது. புதியது 'பூமி விலகும் வேகம்' என்று கொடுத்தது. அதைக் கழிக்க வேண்டும். கையேட்டில் தெளிவாகவே எழுதியிருந்தது. அவள் பழைய கையேட்டை மட்டும் படித்துவிட்டு இரண்டுக்கும் ஒரே கட்டளை எழுதியிருக்கிறாள். ஒரு குறியை மாற்றி மறுபடி ஓடவிட்டாள். ஏழு நிமிடம் ஆயிற்று. இத்தனை நாள் மேற்கே நீலமும் கிழக்கே சிவப்புமாக, நடுவில் கத்தியால் கீறியதுபோலக் கோடு விழுந்திருந்த வரைபடம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெளிர் பச்சையாக வந்தது. வெட்டி எறிந்த மூன்று பத்திகளையும் திரும்ப எடுத்துப் போட்டாள். அச்சு அசலாகப் பொருந்தின.

ஓட்டம் என்று ஒன்றும் அங்கே இல்லை. வாயு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திலீப்பிடம் சொன்னாள். அவன் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறவன். நெபுலா அவனுக்குத் தூரம், பிழை என்றால் என்ன என்பது தெரியும். இடது கையில் ஸ்பூன் பிடித்து ரசம் சாதத்தை அள்ளத் தடுமாறிக்கொண்டே முழுவதையும் கேட்டான். பிறகு நிதானமாக விசாரித்தான். பேப்பர் வந்து மூன்று வருடத்தில் யாராவது இதைக் கேட்டார்களா? இல்லை. இதனால் யாருக்காவது அடிபடுமா? உயிருக்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் முதலில் பட்டத்தை வாங்கிக்கொள், அப்புறம் நிதானமாகத் திருத்தம் போடு, யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள் என்றான். எட்டு வருடமாக வீட்டில் பாதிச் சமையலைச் செய்தவன் அவன். அவனுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது.

அவள் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது தாட்சா. ஆனா ரெண்டு நாளா நீ சரியா துன்னவே இல்ல. அது தெரியுது. எது செஞ்சா உனக்கு சோறு எறங்குமோ அத செய்."

திங்கட்கிழமை கல்லூரி முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். சுதீர் தெலுங்குக்காரர், அளந்து பேசுகிறவர். அவள் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு, அவள் போட்ட படத்தைப் பார்க்காமல் தானே புதிதாக ஒரு வட்டம் போட்டார். பத்து நிமிடம் அம்புகளைப் போட்டுப் போட்டு அழித்தார். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிழைதான் என்று ஒப்புக்கொண்டார். அதற்கு அடுத்து, "இப்புடு வத்தம்மா," என்றார். இப்போது வேண்டாம் என்கிறார்.

பொய் சொல்லச் சொல்லவில்லை என்று அவர் விளக்கினார். எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதுதான் கேள்வி. ஏட்டை மார்ச்சில் கொடுத்துவிடலாம். ஜூனில் அவர் கௌரவமாக வீட்டுக்குப் போவார். ஆகஸ்டில் இருவருமாகத் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஏட்டைப் பார்க்கிற தேர்வாளர்கள் யாரும் பிற்சேர்க்கையில் ஒரு கூட்டல் குறியைப் பார்த்துக் கேள்வி கேட்கப் போவதில்லை. கேட்டவர் இதுவரை இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம்தான் தாட்சாயணியை உலுக்கியது. அது உண்மை. மூன்று வருடத்தில் அதைப் படித்தவர்கள் எத்தனையோ பேர். வெளியிடுமுன் இரண்டு நடுவர்கள் வரிவரியாகப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. இனியும் தெரியாது. தனுசு ராசி எந்த மாதம் எங்கே இருக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு இதில் யாருக்கும் அக்கறையோ ஓய்வோ இல்லை. அவள் பேசாமல் இருந்தால், அந்த நெபுலா உடைந்து பீறிட்டுக்கொண்டிருப்பதாகவே உலகம் பல வருடம் நம்பிக்கொண்டிருக்கும்.

"கீர்த்தி மார்ச்ல ஜெர்மனி போறா சார்," என்றாள். "அங்க போய் மூணு வருஷம் இதும் மேலதான் வேலை செய்வா."

சுதீர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கீர்த்தி அதே டிபார்ட்மென்டில் முழுநேர ஆராய்ச்சி மாணவி, இருபத்தேழு வயது, சித்தூர்க்காரி. தாட்சாயணி அளந்த ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் மாதிரியாகக் கட்டிப் பார்த்ததுதான் அவளுடைய வேலை. வாயு எங்கே உடைத்தது, எவ்வளவு காலம் ஓடியிருக்கும், மேகம் இன்னும் எத்தனை ஆயிரம் வருடம் தாங்கும் என்றெல்லாம் அதில் சொல்லியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் ஒரு குழு அவளை ஆராய்ச்சி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. விசாவுக்குக் காகிதங்கள் சேர்க்க ஊருக்குப் போயிருந்தாள். இதைப் போனில் சொல்ல முடியாது என்று தாட்சாயணிக்குத் தோன்றியது. புதன்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினாள். சந்திரகிரி தாண்டியதிலிருந்து என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். கொங்காரெட்டிப்பள்ளியில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

கீர்த்தியின் அம்மா பத்மாவதி காபி கொண்டுவந்து வைத்தாள். கூடவே முறுக்குத் தட்டு வந்தது. மகள் வெளிநாடு போகிற சந்தோஷத்தில் இருந்தவள், மேடம்தான் எல்லாத்துக்கும் காரணம், உங்க பேப்பரப் பாத்துத்தானே இவ இந்த வேலையே எடுத்தா என்று கைகூப்பினாள். தாட்சாயணி காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். அம்மா உள்ளே போனதும் கீர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா திடீர்னு? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"ஜூலைப் பட்டையில குறி தப்பு கீர்த்தி. கழிக்க வேண்டியத கூட்டிட்டேன். அந்த ஓட்டமே இல்ல."

கீர்த்தி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். மொத்தமும் என்றாள் தாட்சாயணி. மிச்சம் ரெண்டோ மூணோதான், அதுவும் கருவியின் பிழை எல்லைக்குள்ளே அடங்கிவிடும். பையிலிருந்து புதிய வரைபடத்தை எடுத்து முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கீர்த்தி அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"என் மாடல்ல பன்னண்டு கிலோமீட்டருக்கு மேல வரவே இல்லக்கா," என்றாள் கடைசியில், மெதுவாக. "ஆறு மாசம் முட்டிக்கினு கெடந்தேன். எப்டி போட்டாலும் பன்னண்டு. அப்பால பின்பக்கம் மேகமே இல்லாத மாதிரி அடர்த்திய கொறச்சிட்டேன். இருவத்திரெண்டு வந்துச்சு. அந்த மாதிரி மேகம் எங்கயும் இருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"என்னாண்ட கேட்டிருக்கலாமே."

"கேக்க வந்தேன். ஒருவாட்டி உங்க காலேஜு வரைக்கும் வந்தேன். நீங்க அளந்து வெச்சிட்டீங்க, பேப்பர் வேற வந்திடுச்சு. தப்பு என்னுதாத்தான் இருக்கும்னு திரும்பிப் போயிட்டேன்."

ஒருத்தி மூன்று பத்தியை வெட்டி எறிந்தாள், இன்னொருத்தி மேகத்தையே எடுத்து எறிந்தாள். தன் பிழை தன்னோடு நிற்காமல் இவளையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது என்பது தாட்சாயணிக்கு அப்போதுதான் உறைத்தது. இதுவரை தன் பட்டத்தையும் தன் பெயரையும் நினைத்துத்தான் கலங்கியிருந்தாள்.

கீர்த்தியின் கண் சிவந்துவிட்டது. அழவில்லை. குரல் மட்டும் மாறியது.

"மூணு வாரம் கழிச்சி சொல்லியிருந்தா நான் ஃப்ளைட் ஏறிப் போயிருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சிதான் இப்ப வந்தீங்களா?"

"ஆமா."

இவள் ஏறிப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று சொன்ன மறுகணம் தாட்சாயணிக்கே சந்தேகம் வந்தது. அங்கே போய், அந்நிய ஊரில், மூன்றாம் மாதமோ மூன்றாம் வருடமோ இன்னொருவர் இதைக் கண்டுபிடித்து இவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தாள். அதை வாய்விட்டுச் சொன்னால் தனக்கு நியாயம் தேடுவதாக ஆகிவிடும் என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டாள். கீர்த்தி அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"நாளைக்கி ஒரு நாள் டைம் குடுங்க," என்று எழுந்தாள். "ஜெர்மனிக்கி நானே எழுதறேன். உங்ககிட்டேர்ந்து போவ வேணாம்."

வாசல்வரை வந்து வழியனுப்பியது பத்மாவதிதான். முறுக்கை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

திருத்தக் கடிதத்தை வியாழக்கிழமை எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. மூன்று வருடத்து மகிழ்ச்சியை அழிக்க இத்தனை சின்ன கடிதம் போதுமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. சுதீருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். மூன்று நாள் பதில் இல்லை. திங்கட்கிழமை மூன்றாம் பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது அவரே அங்கே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அவளுடைய கல்லூரிக்கு வந்ததில்லை. கையில் கடிதத்தின் நகல் இருந்தது. ஒரே ஓர் இடத்தில் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியிருந்தார். 'முதல் ஆசிரியர் செய்த பிழை' என்று தன்னைக் குறித்து அவள் எழுதியிருந்த இடத்தில் 'நாங்கள் செய்த பிழை' என்று இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, அப்போது அந்தக் கையேட்டைத் தானும் படிக்கவில்லை என்று தெலுங்கில் சொன்னார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாகவே நடந்தன. மார்ச் முப்பத்தொன்று ஒரு சாதாரண நாளாக வந்து போயிற்று. ஏப்ரலில் கெடு நீட்டிப்புக்கு மனுப்போட்டாள். அதற்கு ஏழு கையெழுத்து வேண்டியிருந்தது. மே மாதம் திருத்தம் வெளியானது. ஜூனில் சுதீருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. பேசியவர்கள் அவருடைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாராட்டியபோது அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். தாட்சாயணி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். மேடையிலிருந்த சுதீர் அந்தக் கட்டுரையின் பெயரைத் தானே எடுத்து, அதில் பிழை இருந்தது, திருத்தினோம் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மற்றதற்குப் போனார்.

ஜெர்மனிக்காரர்கள் நாகரிகமாகவே எழுதினார்கள். அந்த வேலைக்கு ஆதாரமே அந்த ஓட்டம்தான், அது இல்லையென்றால் இந்த வருடம் இடம் இல்லை, வேறு திட்டத்தோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கீர்த்தி சித்தூரில் ஒரு ஜூனியர் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டாள் என்று டிபார்ட்மென்டில் சொன்னார்கள். தாட்சாயணி இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் முறை செய்ய மனம் வரவில்லை.

நாலாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. முதல் மாதம் அந்தப் பச்சை வரைபடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சொல்ல அதில் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. பிறகு, ஒருநாள் வகுப்பில்லாத மதியத்தில், கோடுகளின் அகலத்தையும் ஒளியையும் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, அந்த அமைதியே அவளை யோசிக்க வைத்தது. உள்ளே இத்தனை சூடான நட்சத்திரங்கள் இருந்தும் மேகம் இன்னும் உடையவில்லை. ஏன் உடையவில்லை? எது தாங்கிக்கொண்டிருக்கிறது? இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம் இருந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்கவே யாருக்கும் வழியில்லை. விடை அவளிடம் இல்லை. கேள்வியை அளவோடு, இவ்வளவுதான் தெரியும் என்று எழுதினாள். பழைய அத்தியாயத்தில் பாதி நீளம்தான் வந்தது. திலீப் அதைத் தட்டச்சுப் பிழை பார்த்துக் கொடுத்தான். அவன் கை நன்றாகவே சேர்ந்திருந்தது, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீர்த்தியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. திருத்தத்தோடு வெளியிட்ட புதிய தரவை இறக்கித் தானே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். வடக்கு ஓரத்தில், ஏப்ரல் பட்டையில், வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் ஒரு நகர்வு தெரிகிறது, அது நிஜமா என்று ஒரே வரியில் கேட்டிருந்தாள்.

தாட்சாயணி உடனே பதில் எழுதவில்லை. இட்லிமாவை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த ஓரத்துப் பதிவுகளை மூலத்திலிருந்து எடுத்தாள். இந்த முறை கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வளிமண்டலத்தின் கோடுகளைக் கழித்தாள், பூமியின் வேகத்தைக் கையாலேயே கணக்குப் போட்டுச் சரிபார்த்தாள், எந்தப் புள்ளியையும் நீக்கவில்லை. மதியம் சாப்பிட்டதும் மறுபடி வேறு வழியில் செய்து பார்த்தாள். நகர்வு மூன்று கிலோமீட்டர் இருந்தது. பிழை எல்லை அதைவிடப் பெரிதாக நாலு வந்தது. நிஜம் என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. அப்படி எழுதினால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது திரும்பக் கொடுத்ததுபோல இருக்கும். பிறகு, மூன்றுக்கு நாலு பிழை, நிஜம் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது என்று எழுதி, செய்த கணக்கு முழுவதையும் இணைத்து அனுப்பினாள்.

சாயங்காலம் போன் அடித்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது.

"நானும் நாலுதான் போட்டேன்," என்றாள் கீர்த்தி. "இன்னும் நாலு மடங்கு நேரம் பதிவு எடுத்தா ரெண்டுக்கு வந்திடும். தொலைநோக்கிக்கு நேரம் கேட்டு எழுதலாமாக்கா? நம்ம ரெண்டு பேர் பேர்லயும்."

எழுதலாம் என்றாள் தாட்சாயணி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டாள். அடுத்த மாதம் பதினெட்டு என்று கீர்த்தி முன்பே பார்த்து வைத்திருந்தாள்.